பாதி விலை ஏணி

என் கொழுந்தனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுவேன். குடிக்க மாட்டான். பெண்டாட்டியிடம் குரல் உயர்த்த மாட்டான். வேலைக்கு மட்டம் போட மாட்டான். நாலாவது வராததற்குக் காரணம் அந்தத் தள்ளுபடிக் கடை.

அவனுக்குச் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்கள் சோபாவில் சாய்ந்துகொள்ள, இவன் கீழே குட்டை முக்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்து அளவு பார்த்து மாட்டிவிடுவான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் விலை அட்டை எழுதுவதும் அவன்தான். முதலில் ஒரு விலை எழுதுவான். அந்த விலைக்கு அந்தச் செருப்பு பிறந்த நாளிலிருந்து விற்றதே கிடையாது. அதன் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. கீழே நிஜமான விலை, பெரிதாக.

“சும்மா ஒரு கோடுதான் அண்ணி. ஜனங்க அப்படியே வந்து விழுறாங்க” என்று வீட்டில் வந்து சிரிப்பான்.

சிரிக்கிற அதே ஆள்தான் ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள தள்ளுபடி ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்ததும், வேறொருவன் இழுத்த சிவப்புக் கோட்டைப் பார்த்து வாயைப் பிளப்பான். சொந்தமாக மிட்டாயில் கலர் கலக்குகிறவன் அடுத்த கடை மிட்டாயைத் தேன் என்று நக்குவானா? என் கொழுந்தன் நக்குவான்.

அவனும் என் ஓரகத்தியும் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார்கள். அவர்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் வயிறு எரியும். பெட்டி நிறைய ஸ்க்ரூடிரைவர். ஒரு தடவை திருகினால் முனை வெண்ணெய் மாதிரி மழுங்கிவிடும். ஒரு டிரில்லிங் மெஷின். சுவரில் ஓட்டை போடுவதற்குப் பதில் அதுவே புகை விட்டது. யாருக்கும் எதற்கும் பொருந்தாத சாவி செட்டு. எதையாவது ரிப்பேர் செய்ய வேண்டும் என்று அவன் வாங்கியதே இல்லை. வாங்கிய பிறகுதான் எது உடைந்திருக்கிறது என்று வீட்டைச் சுற்றித் தேடுவான்.

நான் வேலை பார்ப்பது ஒரு மகளிர் விடுதியில். குழாய் ஒழுகினாலும் தாழ்ப்பாள் கழன்றாலும் கதவு கீல் கத்தினாலும் என் தலையில்தான் விடியும். சாமான் வாங்க நானும் அதே தள்ளுபடிக் கடைக்குத்தான் போவேன். மலிவு மேல் எனக்குக் கோபம் கிடையாது. மலிவைக் கண்டு மயங்குகிறவர்களைத்தான் கண்டால் ஆகாது. வாளி, பிரஷ், உப்புத்தாள், ஆணி இதையெல்லாம் எங்கே வாங்கினால் என்ன? ஆனால் கடிக்கிற சாமானும் ஆளைத் தாங்குகிற சாமானும் அப்படி இல்லை. குறடு என்றால் வாயை மூடி டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பேன். பல்லுக்கு நடுவில் வெளிச்சம் ஒழுகினால் அது குறடு இல்லை, பொம்மை. பித்தளைத் திருகாணி என்று எழுதியிருந்தால் பையிலிருக்கும் காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். ஒட்டிக்கொண்டால் பித்தளை பூசிய இரும்பு. பெட்டி நசுங்கிப் போனதால் தள்ளுபடியில் வந்த நல்ல சரக்கும் அங்கே உண்டு. அது எப்போதும் கீழ்த் தட்டில் தூசியோடு கிடக்கும். நடு வாசலில் பலூன் கட்டி வைத்திருப்பது குப்பை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் கூடவே வந்தான். அப்படி நடு வாசலில் பலூனோடு நின்றது ஒரு அலுமினிய மடக்கு ஏணி.

“அண்ணி, பாதி விலை! மாடி ஜன்னலுக்குத் திரைக் கம்பி மாட்டணும்னு இவ சொல்லிட்டே இருக்கா.”

ஏணியை விரித்து ஒரு பக்கம் அமுக்கினேன். மறுபக்கத்துக் கால் தரையை விட்டு எழும்பியது. படியைப் பிடித்திருந்த ரிவெட்டின் தலையை நகத்தால் தள்ளினேன். சுற்றியது.

“தம்பி, இது பாதி ஏணிதான். விலை சரியாத்தான் போட்டிருக்கான். வெச்சிடு. விடுதி ஏணியை ஒரு நாளைக்கு வாங்கித் தரேன்.”

“இரவல் ஏணியா? உங்களுக்கு எதைப் பார்த்தாலும் நொட்டைதான் அண்ணி.”

வாங்கிவிட்டான். அதைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! ஏதோ நாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் மாதிரி.

அன்று சாயங்காலமே மாடியில் தடால் என்று சத்தம். நான் வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். படியில் என் ஓரகத்தி எதிரே வந்தாள்.

“அக்கா, ஏணி உட்கார்ந்துடுச்சு!”

உட்காரத்தான் செய்திருந்தது, நாலு காலையும் பரப்பிக்கொண்டு. பக்கத்தில் இவன். இடது மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா?

“ஏணி நல்ல ஏணிதான் அண்ணி. நம்ம தரைதான் சமமில்லை.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு கையையும் பார்த்தேன். நர்ஸ் நின்றதால் விட்டேன்.

மறுநாள் உடைந்த ஏணியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு, சுவரில் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

“தப்பான தரையில வெச்சிருப்பாங்க மேடம்” என்றார். கொழுந்தனைப் போலவே இங்கேயும் ஒருத்தர்!

அதே ஏணிகள் இன்னும் ஐந்தாறு வாசலில் சாய்ந்து நின்றன. ஒன்றை இழுத்து வந்து கடைக்கு நடுவில் விரித்தேன்.

“உங்க தரை சமமாத்தானே இருக்கு? ஏறுங்க.”

“நான் எதுக்கு மேடம் ஏறணும்?”

“விக்கிறீங்களே, அதுக்கு.”

பில் போட நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெயிண்ட் டப்பாவோடு நின்ற ஒருவர் “ஏறுங்க சார், பார்ப்போம்” என்றார். மேனேஜர் முதல் படியில் ஒரு காலை வைத்தார். ஏணி முனகியது. காலை எடுத்துவிட்டார். யாரோ சிரித்தார்கள்.

“காசா தர முடியாது. அதே விலைக்கு வேற ஏதாவது எடுத்துக்குங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எடுத்துக்கொண்டேன். அவசரமே படவில்லை. கீழ்த் தட்டில் பெட்டி கிழிந்து கிடந்த ஒரு பைப் ரெஞ்சு, வாய் இறுக்கமாகக் கடிக்கிற ஒரு குறடு, ஒரு அரம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேண்டாததைக் கவுன்ட்டர் மேலேயே வைத்தேன். மேனேஜர் அவற்றைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போனபோது அந்த ஏணிகள் அங்கேயே நின்றன. விலை அட்டையில் இன்னொரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான் அவர்களுக்கு வந்த வெட்கம்.

கொழுந்தனுக்கு எலும்பு கூடிவிட்டது; ஆனால் மணிக்கட்டு முன்போல மடங்கவில்லை. செருப்புக் கடையில் அவனை முக்காலியிலிருந்து எழுப்பி, முழுநேரமும் விலை அட்டை எழுத உட்கார வைத்தார்கள். வீட்டுக்கும் அட்டைகளைக் கொண்டுவந்து எழுதினான். ஒரு நாள் அவன் கோடு இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் தம்பி, இது பொய்யின்னு எழுதுற கைக்குத் தெரியுது. கண்ணுக்கு மட்டும் தெரியாதா?”

அவன் பேனாவை மூடினான்.

“தெரியும் அண்ணி. வாரம் முழுக்க ஊரார் காலடியில உட்கார்ந்திருந்தேன். முகத்தை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கடையில நுழைஞ்சா, ‘வாங்க சார், என்ன வேணும் சார்’ங்கிறான். ஒண்ணும் வாங்காம எப்படித் திரும்புறது?”

இத்தனை வருஷம் அவனைத் திட்டியதில் இது என் கணக்கிலேயே இல்லை. அதற்காகப் பச்சாதாபப்பட்டு உருகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு ‘சார்’ கேட்பதற்காக எலும்பை முறித்துக்கொள்கிறவனை என்ன சொல்வது?

“சார் வேணும்னா ஒரு சோப்பு டப்பா வாங்கினாலும்தான் சார்ங்கிறான். ஏணிக்கு மட்டும் தனி சாரா?” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று வெட்கமில்லாமல் சிரித்தான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருகிறான். எதையாவது கையில் எடுத்தால் என்னிடம் காட்டிவிட்டுத்தான் பில் போட வேண்டும் என்று ஓரகத்தி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். போன வாரம் கடிக்கிற சாமான் பக்கமும் ஏணி பக்கமும் போகாமல் சமர்த்தாக ஒரு பிரஷ் எடுத்து வந்து நீட்டினான். உறுதியான மரக் கைப்பிடி, நெருக்கமான முடி, நியாயமான விலை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்த பிறகுதான் படித்தேன். கார் கழுவுகிற பிரஷ். எங்கள் குடும்பத்தில் யாரிடமும் கார் கிடையாது.