தலைவர் வீட்டுக்காரர்

ஊராட்சித் தலைவர் ஆகவேண்டும் என்று பத்து வருடம் ஆசைப்பட்டவன் நான். சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு உரக்கடை. கடைக்கு வருகிறவர்களிடம் யூரியாவைப் பற்றிப் பேசியதைவிட ஊர்க்கதை பேசியதே அதிகம். ஊரில் ஒரு கல்யாணத்தை விட்டதில்லை, ஒரு சாவுத் துஷ்டியை விட்டதில்லை. கோவில் கொடைத் திருவிழாவுக்கு முன்வரிசையில் நிற்பேன். அடுத்த தேர்தலில் அண்ணாச்சிதான் என்று நாலுபேர் சொல்லும் நிலைமைக்கு வந்தபோது, இந்த முறை எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது.

டீக்கடையில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் அசரவில்லை. "அதனால என்ன, எங்க வீட்ல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். வீட்டில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பதே வீட்டுப் படி ஏறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவள் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். விரலில் நாரைச் சுற்றிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். ப்ளஸ் டூ வரை படித்தவள், மகளிர் குழுவுக்கு ஊக்குநராக ஏழெட்டு வருடம் தெருத்தெருவாக நடந்தவள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"செயிச்சா வேலைய யாரு பாக்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

அவள் தண்டை மோர்த்தண்ணீரில் போட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சுவரொட்டியில் என் படம் பெரிதாகவும் அவள் படம் ஓரத்தில் தபால்தலை அளவிலும் இருந்தன. எங்களுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. நான் ஆண்களோடு ஊர்வலம் போனேன். அவள் குழுப் பெண்கள் இரண்டு பேரோடு கீழத்தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். எது ஓட்டைக் கொண்டுவந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வாக்கு எண்ணி முடித்து வெளியே வந்ததும் பையன்கள் முதல் மாலையை என் கழுத்தில்தான் போட்டார்கள். பக்கத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. மாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

முதல் பத்து மாதம் ஊராட்சி அலுவலகத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. பைக்கில் முன்னால் 'ஊராட்சி மன்றத் தலைவர்' என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். எல்லோரும் "தலைவரே" என்றார்கள், நானும் திரும்பிப் பார்த்தேன். செயலர் பக்குவமான மனிதர். கோப்புகளை என் முன்னால் விரித்துக் காட்டிவிட்டு, கையெழுத்துக்கு அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவார். அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவாள். ஆனால் ஒவ்வொரு தாளையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் போடுவாள். செயலர் திண்டாடிப்போவார்.

அப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண் தலைவர்களுக்குத் திருநெல்வேலியில் மூன்று நாள் பயிற்சி, தலைவர்களே நேரில் வரவேண்டும் என்று. சாதாரணக் கடிதம்தான் என்று நினைத்து, பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். கூடத்து வாசலில் ஒரு அதிகாரி அம்மா வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். நானும் உள்ளே நுழைந்தேன்.

"சார், நீங்க தலைவரா?" என்று கேட்டார்.

"இல்ல, தலைவரோட வீட்டுக்காரரு."

"ரொம்ப சந்தோசம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடியும், அப்ப வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே கதவைப் பாதி சாத்தினார். குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டல்லவா சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தலைவர் வீட்டுக்காரர்கள். முதல் ஒரு மணி நேரம் அரசாங்கத்தைத் திட்டினோம். அப்புறம் அவரவர் ஊர்க் கதை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். மனைவி உள்ளே இருக்க, பால்புட்டியும் மாற்றுத்துணியும் அவர் பையில் இருந்தன. அவர் எங்களோடு சேர்ந்து திட்டவில்லை. அவர் டீ வாங்கப் போனபோது பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டுப் போனார். அது என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்தது. என் பிள்ளைகளை அந்த வயதில் நான் இப்படி வைத்திருந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் சன்னலுக்குள்ளிருந்து ஒரே சத்தம். எட்டிப் பார்த்தோம். மாதிரிக் கிராமசபை நடத்திக்கொண்டிருந்தார்கள். பாதிப் பெண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆம்பிளைகளாக நடித்து, எழுந்து எழுந்து கத்தினார்கள். தலைவராக உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. கொஞ்ச நேரம் கத்த விட்டாள். பிறகு மேசையைத் தட்டி, "ஒவ்வொருத்தரா பேசுங்க. பேசாதவங்களுக்கு மொதல்ல நேரம் தாரேன்" என்றாள். கூடம் அடங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. வள்ளியூர்க்காரர் என்னிடம், "அது யாரு வீட்டு அம்மா?" என்று கேட்டார். எங்க வீடு என்று சொன்னபோது எனக்குப் பெருமையும் கூச்சமும் ஒன்றாக வந்தன.

மூன்றாம் நாள் திரும்பும்போது பைக் பேட்டையைத் தாண்டியது. பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "நாளையிலேருந்து ஆபீசுக்கு நானே போவுதேன். நீங்க கடையப் பாருங்க."

ஒரு வாரம் போவாள், சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் காலையில் பத்து மணிக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். பைக்கில் எழுதியிருந்ததை நானே ஒருநாள் பிளேடால் சுரண்டி எடுத்தேன். யாரும் சொல்லி எடுக்கவில்லை. ஆனால் யாராவது சொல்வதற்குள் எடுத்துவிடவேண்டும் என்றிருந்தது.

முதலில் அவள் கைவைத்தது தண்ணீரில். கீழத்தெருவுக்குத் தொட்டித் தண்ணீர் காலை பத்து மணிக்குத்தான் வரும். அந்தத் தெருப் பெண்கள் எட்டு மணிக்கே நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விடுவார்கள். அதனால் பள்ளிக்கூடம் போகவேண்டிய பெண்பிள்ளைகள் வீட்டில் நின்று குடத்தை நிரப்பிவிட்டு, முதல் இரண்டு வகுப்பு முடிந்தபிறகு போவார்கள். இது பல வருடமாக நடந்திருக்கிறது. என் கடையிலிருந்து கீழத்தெரு குழாயடி தெரியும். குடங்களைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மோட்டார் இருந்தது, எனக்கு எதுவும் தோன்றவில்லை.

காலை ஆறு மணிக்குத் திறக்கவேண்டும் என்று அவள் உத்தரவு போட்டாள். மறுநாளே, தண்ணீர் திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டர் என் கடைக்கு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மதினிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? ஆறு மணின்னா எனக்குத் தோதுப்படாதுலா."

இத்தனை நாள் "தலைவரே" என்றவர் இப்போது "அண்ணாச்சி" என்றதே எனக்குக் குத்தியது. அந்த வீம்பில், "நான் சொல்லுதேன், நீ போ" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மத்தியானம் சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவுகள ஆபீசுக்கு வந்து எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். நான் மோருக்கு நிற்காமல் எழுந்து கைகழுவினேன். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைக் கவனிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

அடுத்த வாரம் காந்தி பிறந்தநாள். அன்று கிராமசபை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சமையல் முடித்து வர வசதியாகப் பதினொரு மணிக்கு வைத்திருந்தாள். ஜமக்காளத்தில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தைய சபைகளில் நோட்டில் கையெழுத்துப் போட மட்டும் வந்துபோனவர்கள்தான் அவர்கள். மேடையில் அவள், செயலர், ஒன்றியத்திலிருந்து வந்த அலுவலர். நான் பழக்கதோஷத்தில் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபம் கோபமாக இருந்தாலும் இடத்தை விட முடியுமா?

அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"மேடையில ஒங்களுக்கு வேல இல்ல. பைய எறங்கி அங்கன போய் எல்லாரோடயும் உக்காருங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வாடகைக்கு வந்த அந்த மைக்குக்குக் கையெல்லாம் ஒரு பொருட்டில்லை. பந்தல் முழுக்கக் கேட்டது, வெளியே தென்னையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலும் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புக் கிளம்பி ஆண்கள் பக்கத்துக்கும் பரவியது. அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கும் அடக்கமுடியவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கினேன். நாலுநாள் வீம்பு அந்தப் படியிலேயே போயிற்று. முதல் வரிசையில் ஒரு பெரியவர் நகர்ந்து, "வாரும்வே, நிழலு இங்கனதான்" என்று இடம் கொடுத்தார்.

ஆபரேட்டர் எழுந்தார். இத்தனை வருட வழக்கத்தை மாற்றலாமா என்று சத்தமாகத்தான் ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், ஆறு மணிக்கு என்ன இடைஞ்சல் என்று கேட்டாள். அவர் குரலை இறக்கினார்.

"அந்நேரம் மாடு கறக்கணும்லா. ரெண்டு மாடு."

கீழத்தெருப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கறந்து முடிக்க எத்தன மணியாவும்?" என்றாள். ஆறரை ஆகும் என்றார். ஆறே முக்காலுக்குத் திறந்தால் போதுமா என்று கீழத்தெருக்காரர்களிடம் கேட்டாள். ஏழரைக்குள் பிடித்துவிடலாம், போதும் என்றார்கள். அலுவலர் தீர்மானத்தை எழுதிக்கொண்டார். நான் கீழே உட்கார்ந்து யோசித்தேன். என்னிடம் இது வந்திருந்தால் ஆபரேட்டரை அதட்டியிருப்பேன், இல்லையென்றால் தோளைத் தட்டி அனுப்பியிருப்பேன். மாட்டைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டேன்.

"வேற யாருக்கும் குறை இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

என் கை தானாக உயர்ந்துவிட்டது. கடைக்கு முன்னால் வளைவில் தெருவிளக்கு ஆறு மாதமாக எரியவில்லை என்று சொன்னேன்.

"அது நீங்க ஆபீசுல உக்காந்திருக்கும்போதே எரியலியே" என்றாள். இந்த முறை மைக்கைப் பொத்தவே இல்லை. சிரிப்பு அடங்கியபிறகு, "மனுவா எழுதிக் குடுங்க. வரிசைப்படி பாப்போம்" என்றாள்.

அன்று சாயங்காலம் கடையில் உட்கார்ந்து எழுதினேன். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு' என்று சொந்தப் பெண்டாட்டிக்கு எழுதியவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தபோது, கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது என்பது ஞாபகம் வந்தது. செயலர் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். வீட்டில் இரண்டொரு தடவை விளக்கைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அத ஆபீசுல வந்து கேளுங்க" என்றாள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து கீழத்தெருவுக்குப் போகும் பாதையில்தான் முதலில் விளக்குகள் வந்தன. டவுண் ஜவுளிக்கடைகளுக்கு வேலைக்குப் போய்வரும் பெண்பிள்ளைகள் அந்த வழியாகத்தான் இருட்டில் நடந்து வருவார்கள். அப்புறம் பால்வாடி, அப்புறம் நூலகம். என் வளைவுக்கு வந்து சேரத் தைப்பொங்கல் ஆகிவிட்டது. விளக்குப் போட வந்தவர் ஏணியில் நின்றபடி, "அண்ணாச்சி, சொல்லியிருந்தா மொதல்லயே போட்டிருப்பேன்லா" என்றார். வரிசையில வந்ததே சரிதான் என்று சொன்னேன். மனதார அல்ல, முக்கால்வாசி மனதோடு.

இப்போது நாலு வருடம் தாண்டிவிட்டது. பயிற்சியும் சட்டமும் வந்து எங்கள் வீட்டுச் சண்டையை நிறுத்திவிட்டதாக நான் சொல்லமாட்டேன். கூட்டம் இருக்கும் நாளில் நான்தான் சாம்பார் வைக்கிறேன். புளி கூடிப்போனதாக அவள் சொல்வாள், கூடவில்லை என்று நான் சொல்வேன். இன்னமும் சில பேர் அவளிடம் கேட்கவேண்டியதை என்னிடம் கேட்டு வருவார்கள். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் சொல்லி அனுப்புவேன்.

போன கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. ஒருநாள் விடிகாலையில் வாய்க்கால் கரை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு, பிசானப் பருவத்து நெல் நாற்றங்காலுக்குள் தண்ணீர் புகுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றாள். ஒரு கையில் கைப்பேசி, பொறியாளரோடு பேச்சு. மறுகையால் ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "கடையில காலிச் சாக்கு எத்தன கெடக்கு?" என்று கேட்டாள். கிடந்ததையெல்லாம் பைக்கில் இரண்டு நடை ஏற்றிக்கொண்டு வந்தேன். கீழத்தெருப் பெண்கள் மண் அள்ளிப்போட, நானும் ஆபரேட்டரும் சாக்கு வாயைக் கட்டி உடைப்பில் இறக்கினோம். ஒன்பது மணிக்குள் உடைப்பு அடைபட்டது.

யாரோ தூக்குவாளியில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்கள். கரையில் வரிசையாக உட்கார்ந்து குடித்தோம். எல்லோர் மேலும் சேறு. அவள் நின்றுகொண்டே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கரையில் எங்கெல்லாம் மண் இளகியிருக்கிறது என்று பார்க்க மேற்கே நடக்க ஆரம்பித்தாள். எனக்கு இன்னும் கொஞ்சம் உட்காரலாம் போலிருந்தது. ஆனாலும் மிச்சமிருந்த சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.