மாமா கோல் போடாத மேட்ச்

என் மாமா பிற்காலத்தில் நிறைய கோல் போட்டார். பெரிய ஊர்களில், பெரிய அணிகளுக்காக, பச்சை ஜமுக்காளம் விரித்தது போன்ற செயற்கைப் புல்லில் எல்லாம் போட்டார். அவற்றில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்திய ஒரே மேட்ச்சில் அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்த அவமானத்தை லேசில் மறக்கவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் கால்சட்டைப் பையன். பாப்பாரப்பட்டியில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா அவரைக் கையோடு பாலக்கோட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். விடிந்ததும் அப்பாவோடு தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போவார். வந்து எனக்குத் தலை பின்னிவிடுவார். அம்மா பின்னினால் இழுத்துக் கட்டி வலிக்கும், மாமா பின்னினால் வலிக்காது. பிறகு பள்ளிக்கூடம். சாயங்காலம் ஆனால் ஹாக்கி.

எங்கள் ஊருக்கும் ஹாக்கிக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. தெற்கத்திச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்த டிரில் மாஸ்டர் ஒருவர், பெட்டி படுக்கையோடு ஒரு கட்டு மட்டைகளையும் பஸ் மேலேயிருந்து இறக்கினார். அன்றுமுதல் கபடி ஆடிக்கொண்டிருந்த பையன்கள் குனிந்து குனிந்து பந்தைத் தள்ள ஆரம்பித்தார்கள். மாமா மட்டும் குனிந்த மாதிரியே தெரியாது. பந்து அவர் மட்டையோடு ஒட்டிக்கொண்டு நாய்க்குட்டி போலக் கூடவே ஓடும்.

அவர் பிளஸ் ஒன் முடித்த வருடம் தர்மபுரியில் நடந்த போட்டியில் அவருடைய ஆட்டத்தை இரண்டு தரப்பு பார்த்துவிட்டது. ஒரு தரப்பு, தெற்கே கடைசியில் இருக்கும் ஒரு விளையாட்டு விடுதி. அங்கே இரண்டு வருடம் தங்க வைத்து, சோறு போட்டு, படிக்க வைத்து, காலையும் மாலையும் ஆட்டம் சொல்லித் தருவார்கள். இன்னொரு தரப்பு, ஓசூரில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனி. அவர்களுக்குச் சொந்தமாக ஹாக்கி டீம் இருந்தது. பகலில் லேத் பட்டறையில் வேலை, சாயங்காலம் கம்பெனிக்காக ஆட்டம். உடனே சேரலாம்.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா கம்பெனிப் பக்கம். வேலையும் தருகிறான், ஆடவும் விடுகிறான், இதற்குமேல் என்ன வேண்டும் என்று தக்காளி மண்டியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. டிரில் மாஸ்டர் மட்டும் ஒருநாள் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலேயே பேசினார்.

"இப்ப கம்பெனிக்குப் போனா அவங்க ஜெயிக்கறதுக்கு ஆடுவான். ஹாஸ்டலுக்குப் போனா அவன் கத்துக்கறதுக்கு ஆடுவான். ரெண்டும் வேற வேறங்க."

"கத்துக்கிட்டேதான் இருக்கறானே இத்தன வருசமா" என்றார் அப்பா.

இந்தப் பிள்ளைக்கு இன்னும் எலும்பே முற்றவில்லை, முப்பது வயது ஆம்பிளைகள் நடுவே விட்டால் அவர்கள் சொல்கிற மூலையில் நின்று பந்து பொறுக்கிப் போடுவதோடு சரி, இரண்டு வருடம் பொறுத்தால் இதே கம்பெனி உங்கள் வாசலில் வந்து நிற்கும் என்றெல்லாம் மாஸ்டர் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கருந்து வூட்டுக்கு வர எத்தன நேரம் ஆவுங்க?"

சேலம் போய், ரயில் பிடித்து, இறங்கி, மறுபடி பஸ் பிடித்து என்று மாஸ்டர் விரல் மடக்க ஆரம்பித்ததும் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஓசூர் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ராச்சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம்.

மாமாவை யாரும் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் துவைக்கிற கல்லருகே நான் சோப்பு நுரை ஊதிக்கொண்டிருந்தபோது மட்டும் அம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார்.

"மச்சான் பேச்ச மீறி நான் எப்படிக்கா போறது? இத்தன வருசம் சோறு போட்டு வளத்தவரு."

அம்மா சட்டையைப் பிழிந்து உதறினாள். "மீற வேணாம். அவரே அனுப்பட்டும்."

அப்பாதான் ஓசூருக்கு அனுப்பப் போகிறாரே, இதில் என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த நுரையை ஊதினேன்.

கம்பெனி மேனேஜர் சொல்லியனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் டீமே பாலக்கோட்டுக்கு வரும். பள்ளிக்கூட டீமோடு ஒரு மேட்ச். மாமா கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் பக்கம் ஆட வேண்டும். ஆட்டம் பிடித்திருந்தால் அங்கேயே வேலை உறுதி. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டி ஆட்களையும் பங்காளிகளையும் அவரே போய் அழைத்தார். பள்ளிக்கூட மைதானத்தைச் சமன் செய்ய எங்கள் டிராக்டரையே விட்டார். கோல் கம்பங்களுக்கு இரண்டு பையன்கள் சுண்ணாம்பு அடித்தார்கள்.

அதைவிட ஆச்சரியம் அம்மா. அதுவரை கம்பெனி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டாள். ஆட்டக்காரர்கள் பசியோடு ஆடக் கூடாது என்றாள். அப்பா மகிழ்ந்துபோய்க் கிடா ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

கம்பெனி வேனிலிருந்து இறங்கியவர்கள் மீசை வைத்த பெரிய ஆம்பிளைகள். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லோரும் பிள்ளைகளாகிவிட்டார்கள். கேன்டீன் சோறு தின்று நாக்கு செத்துப்போனவர்கள். அம்மா முதலில் ராகிக் களியை உருண்டை உருண்டையாக வைத்தாள், நடுவில் குழி பண்ணிக் கறிக்குழம்பை ஊற்றினாள். அப்புறம் நெல்லுச்சோறு. அப்புறம் கோழி வறுவல். போதும் என்று கையை மறித்தவர்களிடம், எங்கள் ஊரில் ஒரு உருண்டையோடு எழுந்தால் வீட்டுக்காரிக்கு அவமானம் என்று வருத்தமாகச் சொன்னாள். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். கடைசியில் ஆளுக்கு ஒரு லோட்டா பாயசம். அவர்களுடைய கேப்டன் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்தார். மாமா மட்டும் ஒரு டம்ளர் கூழோடு நிறுத்திக்கொண்டார்.

மைதானத்தைச் சுற்றிலும் தக்காளிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு ஜனம் உட்கார்ந்திருந்தது. மைக் செட் வைத்திருந்தார்கள். அப்பா டிராக்டர் பெட்டியின் விளிம்பில் மேனேஜரை உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். நான் அவர்கள் காலடியில். மாமா கம்பெனியின் நீலச் சட்டையில் வந்தார். சட்டை தொடைவரை தொங்கியது. இருந்தாலும் அவர் ராஜா மாதிரி இருந்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

ஆட்டம் ஆரம்பித்ததும் மாமாவிடம் பந்து வந்தது. ஒருவனை ஏமாற்றினார், இன்னொருவனைச் சுற்றினார், கோலுக்கு எதிரே இருக்கும் வளைவுக்குள் நுழைந்தார். அப்பா மேனேஜரின் தொடையில் தட்டினார். பள்ளிக்கூடத்துக்குக் கோல் காத்தவன் மளிகைக் கடைக்காரர் மகன், மாமாவின் சிநேகிதன். அவன் கண்ணை மூடிக்கொண்டதை நானே பார்த்தேன். மாமா ஓங்கி அடித்தார்.

டொக்.

பந்து இடதுபக்கக் கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்துவிட்டது. ஜனம் உச்சுக் கொட்டியது. பரவாயில்லை, புதுச் சட்டை, பழகணும் என்று அப்பா மேனேஜருக்குச் சமாதானம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி மாமா வந்தார். மறுபடி டொக். அதே கம்பம். மூன்றாம் முறை எதிரில் கோல்கீப்பரே இல்லை, விழுந்து கிடந்தான். அப்போதும் டொக். மளிகைக் கடைக்காரர் மகன் எழுந்துபோய் அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். மைதானமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. உள்ளே அடி மாமா, உள்ளே அடி என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மற்ற கம்பெனி ஆட்டக்காரர்கள் கோல் போடுவார்கள் என்று பார்த்தால், இடைவேளைக்குப் பிறகு அவர்களால் ஓடவே முடியவில்லை. கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் நின்ற இரண்டு பேர் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் இருவருக்கும் நடுவே எங்கள் பள்ளிக்கூடத்துப் பொடியன் ஒருவன், மட்டை உயரம்கூட இருக்கமாட்டான், பந்தோடு புகுந்து ஓடினான். யாரும் துரத்தவில்லை, அவர்கள் கோல்கீப்பராலும் குனிய முடியவில்லை. பந்து மெதுவாக, யோசித்துக்கொண்டே போவது போல உருண்டு கோலுக்குள் போயிற்று.

அதற்குப் பிறகு மைதானத்தில் நடந்ததை மேட்ச் என்று சொல்ல முடியாது. ஜனம் உள்ளே இறங்கிவிட்டது. பொடியனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்கள். பாலக்கோடு, ஓசூர்க் கம்பெனியை ஜெயித்துவிட்டது. அப்பாவும் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். பிறகு பக்கத்தில் மேனேஜர் இருப்பது நினைவுக்கு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி மறந்து தட்டினார்.

மேனேஜர் நல்ல மனுஷன். கோபப்படவில்லை. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பையன் ஓட்டமெல்லாம் நல்லா இருக்குதுங்க. ஆனா குறி இன்னும் கூடல. ரெண்டு வருசம் எங்கயாச்சும் முறையா பழகிட்டு வரட்டும். அப்ப நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

டிரில் மாஸ்டர் எங்கிருந்துதான் வந்தாரோ, அடுத்த நொடியில் பக்கத்தில் நின்றார். அந்த மாதிரிப் பழக்குவதற்கு ஒரு ஹாஸ்டல் இருக்கிறது என்று, அன்றுதான் கேள்விப்பட்டவர் போல மேனேஜரிடம் சொன்னார். அருமையான யோசனை என்றார் மேனேஜர். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கோல் கம்பத்தருகே போனார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு, முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தது. என் உள்ளங்கையை வைத்தால் மூடிவிடலாம். மற்றபடி கம்பம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கம்பத்துக்கு அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். தோற்றவருக்கு எதற்குக் கேசரி என்று நான் சாப்பிட மறுத்தேன். மாமா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். மறுநாள் அவர் தலை பின்ன வந்தபோது, வலித்தாலும் பரவாயில்லை என்று அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் மாமா கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் பாதி ஊர் நின்றது. அதற்குள் எனக்குக் கோபம் போய்க் கவலை வந்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்க போயாச்சும் கோல் போட நல்லாக் கத்துக்க மாமா" என்றேன்.

"சரி பாப்பா" என்றார் மாமா, ரொம்பவும் பணிவாக.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தம்பியைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஜன்னல் வழியாக ஒரு நீளமான பொட்டலத்தை நீட்டினார். சேலத்துக்குப் போய் வாங்கி வந்த புது மட்டை. கண்டக்டர் விசில் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"போற எடத்துலயாச்சும் அந்தக் கம்பத்த விட்ருடா."

மாமாவின் முகம் வெளுத்துப் போயிற்று. அப்பா கையை நீட்டி அவர் தலையை ஒருமுறை கலைத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. மாமா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாகத் திருப்பம்வரை கையாட்டிக்கொண்டே போனார். எந்தக் கம்பம் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறெங்கோ பார்த்தாள்.

ஓடிக்கொண்டே அகலமான கோலுக்குள் பந்தைத் தள்ளுவதைவிட, மூன்று விரல் அகலக் கம்பத்தில், அதுவும் அதே இடத்தில் அடித்துக்கொண்டே இருப்பது எத்தனை கஷ்டம் என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. மாமா என் மகனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லித் தந்தபோது நானும் வாங்கி அடித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மாமாவுக்கு ஒரு கம்பம் எதிரியாக இருக்கிறது என்பதுதான். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன், மாமா போயிருக்கிற ஊரில் கம்பமே இல்லாத மைதானமாக இருக்க வேண்டும் என்று.