மாடி வீட்டு அக்காவின் செய்திகள்

அந்தமானில், போர்ட் பிளேரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் கதவைத் தட்டிப் பேசும் பழக்கம் எப்போதோ நின்றுபோனது. எதிர்வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் கேட்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரும். மாடி வீட்டு அக்காதான் முதலில் பார்த்து, தண்ணீர் வந்துவிட்டது என்பதை 'பானி ஆ கயா' என்று எல்லோருக்கும் புரிகிற இந்தியில் எழுதுவார். உடனே வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடும்.

வைத்தியத்துக்காக அக்கா மெயின்லேண்டுக்கு, கடல் தாண்டிச் சென்னைக்குப் போனார். அங்கே மகள் வீட்டிலிருந்து மாதக்கணக்கில் தினமும் எழுதினார். என் மகனின் பரீட்சையை விசாரித்தார். தன் துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இங்கே இருந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

மழை பெய்த ஒரு காலையில் அவரிடமிருந்து 'பானி ஆ கயா' என்று வந்தது. குழுவில் வேறு யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரிந்தது? முதல்முறையாக அவரை போனில் அழைத்தேன்.

"அக்கா, இங்க தண்ணி வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொன்னது ஓர் இளம் குரல்.

"நான் அவங்க பொண்ணுங்க. அம்மா இல்ல. இங்க வந்த மாசமே போயிட்டாங்க."

"அப்ப இவ்வளவு நாளா எழுதினது?"

"நான்தான். பழைய மெசேஜ் எல்லாம் படிச்சுப் படிச்சு அம்மா மாதிரியே எழுதினேன். தண்ணி வர்ற நாள்கூட மனப்பாடம் ஆயிடுச்சு. நீங்க எல்லாம் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறப்ப அம்மா இருக்கற மாதிரியே இருக்கும். நிறுத்த முடியல."

குழுவில் இதை எழுத முடியாது; அங்கே அக்கா இருக்கிறார். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். வங்காளி அம்மா பதறிப்போய்த் திறந்தார்.

"க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நேற்றுக்கூட என் முழங்காலைப் பற்றிக் கேட்டாளே" என்றார் இந்தியில்.

அவர் கையிலிருந்த போன் ஒலித்தது. சிரிக்கும் அக்காவின் படம். வலி குறைந்ததா என்று கேட்டிருந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது தேவலை என்று பதில் எழுதினார். உடனே நீல டிக் விழுந்தது.

மற்ற வீடுகளுக்கு நான் போகவில்லை.