குளிர்ந்த தண்ணீர் ஆகாது

அஸ்தேரியோ தேனீப் பெட்டிகளைத் திறக்கப் போன இடத்தில் வாதம் வந்து சாய்ந்தான். வலது கையும் காலும் போயின, பேச்சில் பாதி மிஞ்சியது. அவனைக் கொண்டுவந்து வீட்டுக் கயிற்றுத் தூளியில் போட்டார்கள். இரண்டு மழைக்காலம் வந்து போயிற்று. அவன் தூளியில் நன்றாகத்தான் இருந்தான்; அவன் பெண்டாட்டி ஃபிதேலியாவுக்குத்தான் தோள் போயிற்று.

படுத்தவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வருகிற வலிதான் அது. இடது தோள்பட்டையில் தொடங்கி, கழுத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். காலையில் தாடை வலிக்கும். அஸ்தேரியோ லேசாகச் செருமினாலும் விழித்துவிடுவாள். சுகாதார நிலையத்து டாக்டரம்மா கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, ஊசியால் தொட்டுப் பார்த்தாள். எலும்பும் நரம்பும் சரியாக இருக்கின்றன, பாரத்தாலும் கவலையாலும் தசை இறுகிப்போயிருக்கிறது என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தாள். நல்லபடியாக நீவிவிடுகிறவர்கள் இருந்தால் போகலாம், கழுத்தை மட்டும் யாரும் சொடுக்க விடாதே என்றும் சொன்னாள்.

ஃபிதேலியா போயிருக்க மாட்டாள். போகவைத்தது எர்மிலா. அஸ்தேரியோவின் அக்கா, பக்கத்து டவுனில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை வேன் ஏறி வந்து, தம்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவாள். அந்த வாரம் கோப்பையை வைக்கும்போது விஷயத்தையும் சேர்த்து வைத்தாள். மெரிதா நகரத்தில், படுத்த படுக்கையானவர்களுக்காகக் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகிறது. இறந்தவர்களுக்குப் படையல் போட்டு முடிந்ததும் வண்டி கொண்டுவந்து தம்பியை அழைத்துப் போகப் போகிறாள்.

"உன்னைக் குறை சொல்லல, ஃபிதே. கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியல உனக்கு. அவனை எப்படித் தூக்குவே?"

அவள் போனபிறகு அஸ்தேரியோ வாயைக் கோணிக்கொண்டு, அங்கே போனால் செத்துப்போவேன் என்றான்.

"சாக மாட்டீங்க," என்றாள் ஃபிதேலியா. "முனகிட்டுக் கிடப்பீங்க. கேட்க ஆளிருக்காது. அதான் வித்தியாசம்."

செவ்வாய்க்கிழமை, ஊரே மரியாதையாகத் தோன்யா என்று அழைக்கிற ரெமிஹியாவிடம் போனாள்.

ரெமிஹியா சந்தைக்குப் பின்னால் இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் நீவுவாள். அருவதாத் தழை போட்டுக் காய்ச்சிய பன்றிக்கொழுப்பு அடுப்போரம் இளஞ்சூட்டில் இருக்கும். ஃபிதேலியாவைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, முதலில் தோளையே தொடவில்லை. தொப்புளுக்குக் கீழே விரல் வைத்துத் துடிப்பைத் தேடினாள். பாரம் தூக்கியதில் துடிப்பு இடம் விட்டு விலகியிருக்கிறது என்று சொல்லி, அதை மெல்ல நடுவுக்குத் தள்ளிக் கொண்டுவந்தாள். பிறகு முதுகு, தோள், கழுத்து, தாடை.

இன்னும் அழுத்துங்கள், வலித்தால்தானே விடும் என்றாள் ஃபிதேலியா.

"அடிச்சுத் துவைக்கணும்னா தொட்டி இருக்கு, மகளே. இது உடம்பு. உன் தோள் என்னைக் கண்டு பயந்து இறுக்குது. அதுவா விட்டாத்தான் நான் உள்ள போக முடியும்."

கொஞ்ச நேரத்தில் விட்டது. ஃபிதேலியா அந்தப் பாயிலேயே குறட்டை விட்டாள். எழுந்தபோது வெட்கமாக இருந்தது. புருஷன் விழுந்த நாளிலிருந்து அவள் கை ஓயாமல் இன்னொரு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளை யாரும் தொடவில்லை. அதுவே ஒரு வகைப் பட்டினி என்று அன்று தெரிந்தது. கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது.

புறப்படும்போது ரெமிஹியா எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். உடம்பு சூடாக இருக்கிறது. நாளை சாயங்காலம்வரை குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக்கூடாது, குளிர்பெட்டியைத் திறக்கக்கூடாது. மீறினால் குளிர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபிதேலியா தலையாட்டினாள். வீட்டில் இரண்டு விரிப்பும் ஒரு போர்வையும் நனைந்து கிடந்தன. யார் துவைப்பார்கள்? துவைத்தாள். மறுநாளே முடிச்சு காதுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை ரெமிஹியாவின் கட்டைவிரல் அந்த இடத்துக்கு வந்து நின்றது. தண்ணீரில் கை வைத்தாயா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஃபிதேலியா.

பொய் சொன்னது உறுத்தியதால், அடுத்த செவ்வாய்க்கிழமை நீவிக்கொண்டு வந்தபோது விதியை மீறாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். குளிர்ந்த தண்ணீர்தானே ஆகாது? படையல் சமையலுக்கு வைத்திருந்த பெரிய அண்டாவை எடுத்தாள். விறகு கொண்டுவந்து அடுக்கினாள். கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றிக் காய்ச்சினாள். கொதித்ததை வாளி வாளியாகக் கொல்லைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு சொட்டுக் குளிர் படவில்லை. இனி ஒன்றும் செய்யாது என்று திருப்தியாகத் துணிகளைப் பிழிந்து போட்டாள்.

அன்று மாலை அஸ்தேரியோவைத் தூக்கும்போது தோள் அப்படியே பூட்டிக்கொண்டது. கை நழுவியது. தூளி ஒரு பக்கம் சாய்ந்து அவனைத் தரையில் கொட்டியது. அடி பலமில்லை. பக்கத்து வீட்டு ஆள் வந்து தூக்கிப் போட்டான். ஆனால் சேதி வேனைவிட வேகமாகப் பக்கத்து டவுனுக்குப் போயிற்று. எர்மிலா படையல்வரைக்கும் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை வருகிறாள், வண்டியோடு.

வெள்ளிக்கிழமை ஃபிதேலியா நீவப் போகவில்லை. எதற்கு என்று இருந்துவிட்டாள். யார் வீட்டுக்கும் போகாத ரெமிஹியா கொழுப்புக் கிண்ணத்தைத் துணியில் கட்டிக்கொண்டு தானே வந்தாள். வாசல் வழியாக வராமல் கொல்லை வழியாக வந்தவள் கரியேறிய அண்டாவையும் வாளிகளையும் கண்டு நின்றாள்.

"இதுல என்ன சமைச்சே?"

"துணி. நீங்கதானே குளிர் ஆகாதுன்னீங்க."

ரெமிஹியா துவைக்கும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வருகிறமட்டும் சிரித்தாள். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு நாள் சும்மா உட்காருன்னு சொன்னா இந்த ஊர்ல எந்தப் பொம்பள உட்காருவா? உட்கார்ந்தாலும் வீட்ல இருக்கிறவங்க விடுவாங்களா? குளிர் புகுந்துரும்னு சொன்னா எல்லாரும் பயப்படுறாங்க. மாமியார்கூடப் பயப்படுறா. குளிர் இருக்கு, மகளே, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உன் தோளுக்கு எமன் வாளிதான்."

உள்ளே வந்து தூளியைப் பார்த்தாள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அஸ்தேரியோ அதை முழங்கால் உயரத்துக்குக் கட்டவைத்திருந்தான். அவனை மாற்றும்போதெல்லாம் ஃபிதேலியா இரண்டாக மடிந்துதான் குனிய வேண்டும். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுக் கயிற்றை ஏற்றி, ஃபிதேலியாவின் இடுப்பு உயரத்துக்குக் கட்டவைத்தாள். அஸ்தேரியோ முனகினான். ராத்திரி வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாம் என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஃபிதேலியாவைப் பாயில் படுக்கச் சொன்னாள்.

எர்மிலா வந்தபோது ஃபிதேலியா கழுத்தில் சால்வை சுற்றி, முகம் சிவந்து, பாதி தூக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரெமிஹியா கை துடைத்துக்கொண்டிருந்தாள். துவைக்க வேண்டிய மூட்டை வாசலிலேயே கிடந்தது. பழக்கத்தில் ஃபிதேலியா அதை எடுக்க எழுந்தாள்.

"ஏய், தொடாதே," என்று தடுத்தது எர்மிலாதான். இஸ்திரி போட்ட கையோடு குளிர்பெட்டிப் பக்கமே போகாதவள் அவள். "இப்பத்தான் நீவியிருக்காங்க. கை முடங்கிப் போகணுமா உனக்கு?"

அப்படியானால் யார் துவைப்பார்கள் என்று ரெமிஹியா பொதுவாகக் கேட்டாள். நாளை சாயங்காலம்வரை இவள் கை வைக்கக்கூடாது. செவ்வாயும் வெள்ளியும் இப்படித்தான், மழை நின்று குளிர்காலம் முடிகிறவரை. குளிர்ந்த கை உள்ளவர்கள் யாராவது வேண்டும்.

எர்மிலா அறையைச் சுற்றிப் பார்த்தாள். வண்டி ஓட்டிவந்த ஆள் வெளியே போய்விட்டான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டையோடு தொட்டிக்குப் போனாள்.

விரிப்பு நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. ஒன்றைப் பிழிந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதற்கு வண்டிக்காரனைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். போர்வையைத் தொடவில்லை. ஈரக்கையோடு உள்ளே வந்து தம்பியைப் பார்த்தாள். தூளி இப்போது உயரத்தில் இருந்ததால் குனியாமலே அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"தினம் இவ்வளவா நனைப்பே?"

ஆமாம் என்று அஸ்தேரியோ பாதி வாயால் சிரித்தான்.

எர்மிலா போர்வையையும் மிச்சத் துணியையும் ஒரு மூட்டையாகக் கட்டினாள். "என் வீட்ல மெஷின் சும்மா கிடக்கு. செவ்வாய்க்கிழமை பையனை அனுப்புறேன். மூட்டை கட்டி வை. நீ கட்டாதே, யாரையாவது கட்டச் சொல்லு."

"சரி, அண்ணி," என்றாள் ஃபிதேலியா.

வந்த வண்டியில் அந்த மூட்டைதான் ஏறியது. கட்டிலைப் பற்றி எர்மிலா பேசவில்லை. படையல் அன்று வந்து, மண்குழியில் புதைத்து வேகவைத்த சோளப் பணியாரத்தை வயிறாரத் தின்றபோதும் பேசவில்லை.

ஃபிதேலியாவின் தோள் முழுக்கக் குணமாகிவிடவில்லை. குளிர்காற்று அடித்தால் முடிச்சு எட்டிப்பார்க்கும். செவ்வாய்க்கிழமை போய் அதை இறக்கிக்கொண்டு வருவாள். மறுநாள் சாயங்காலம்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்று அஸ்தேரியோவிடம் சொல்வாள். தலையை இப்போது தானே வாரிக்கொள்கிறாள்.