திருவிருந்தில் ஒரு முழங்கை

என் மூக்கு அப்படியொன்றும் அழகான மூக்கு இல்லை. ஆனால் எட்டு மாதம் அது போலீஸ் வேலை பார்த்தது. குடிநோய்க்கு வைத்தியம் முடிந்து தம்பி செம்பூர்ப் பக்கத்து மறுவாழ்வு மையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல், அவன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் நான் வாசலில் நிற்பேன். "வாலே, வெயிலா?" என்று தோளில் கைபோட்டு, முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய் ஒரு இழுப்பு. அவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ், வேர்வை, அரை கிளாஸ் டீக்கு இங்கே பெயரான கட்டிங் சாய். வேறு வாசனை இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

"மோந்துட்டியாண்ணே? செருப்பக் கழத்தட்டுமா?" என்பான்.

மையத்தில் வாரம் ஒருநாள் வீட்டு ஆட்களுக்கும் வகுப்பு உண்டு. ஆலோசகர் அம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "இது கெட்ட புத்தி இல்ல, நோய். சுகர் மாதிரி, கட்டுக்குள்ள வச்சிருக்கலாம். ஆனா ஒரு வாய்கூடக் கூடாது. நீங்க காவல் காக்க வேண்டாம், கூட இருந்தாப் போதும்." எனக்கு 'ஒரு வாய்கூட' மட்டும் காதில் ஏறியது. வீட்டுக்கு வந்து இருமல் மருந்தைத் தூக்கி எறிந்தேன். ஹோமியோபதிச் சொட்டு, ஷேவிங் லோஷன், சானிடைசர், என் வீட்டுக்காரியின் சென்ட் எல்லாம் போயின. "தோச மாவும் புளிச்சிருக்கு, கொட்டிருவமா?" என்று அவள் கேட்டாள். ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. தம்பி பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு விக்ரோலியில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். "ஒரு வருஷம் குடிக்காம இருக்கட்டும் அத்தான், நானே வாரேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. இன்னும் நாலு.

எங்கள் கோயிலில் பெரும்பாலும் லேபர் கேம்ப் குடியிருப்புக் குடும்பங்கள், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்துபோய்ப் பீடத்தின் முன் முழங்கால் போட வேண்டும். அப்பம் தருவார்கள், பிறகு ஒரே பாத்திரத்தில் எல்லாருக்கும் திராட்சரசம். சபை மூப்பர் ஒருவர் வீட்டுப் பரணியில் சர்க்கரை போட்டு மாதக்கணக்கில் ஊறிப் புளித்த ரசம், ஒயின்தான். எழும்பாமல் பெஞ்சிலேயே இருப்பவன் மேல் நூறு கண் விழும். என்ன பாவம் பண்ணினான் என்று மத்தியானக் கறிக்குழம்பு வரை பேச்சு ஓடும்.

மாவைச் சந்தேகப்பட்டவனுக்கு இந்தப் பாத்திரம் தோன்றவேயில்லை. தம்பிக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு முதல் ஞாயிறும் டியூட்டி கேட்டு வாங்கிப் போய்க்கொண்டிருந்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்த மாதம் மட்டும் என் மகளுக்கு முதல் திருவிருந்து. சித்தப்பா வராமல் முடியுமா? வந்தான்.

எங்கள் வரிசை எழுந்தது. அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எழும்புலே."

"நீ போண்ணே."

"எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்."

எனக்கு வேர்த்துவிட்டது. அவன் குடித்துவிடுவானோ என்று எட்டு மாதம் நடுங்கியவன், குடிக்கிறான் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களோ என்று அந்த ஒரு நிமிஷத்தில் நடுங்கினேன். முழங்கையால் அவன் விலாவில் இடித்தேன். "ஒரு சொட்டுதாம்லே. ஆண்டவரோட ரத்தம், என்ன செய்யும்? மானத்த வாங்காத."

என்னை ஒரு பார்வை பார்த்தான். எழுந்தான். பாத்திரம் வந்தது. குடித்தான்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. வியாழக்கிழமை சயான் ஸ்டேஷன் பக்கம் கண்டுபிடித்தேன். என் மூக்குக்கு வேலையே இருக்கவில்லை, பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படியே ஆறு வாரம். விக்ரோலிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். நான் உளறியதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி அத்தான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடி மையம். ஆலோசகர் அம்மாவிடம் முழுவதையும் ஒப்பித்தேன், கொஞ்சம் தமாஷ் கலந்துதான். அவர் சிரிக்கவில்லை. "நெறைய பேருக்கு வழுக்கும். எழுந்து வரலாம், பயப்படாதீங்க" என்றார்.

"அந்த ஒரு சொட்டாலயா மேடம்?"

"அவரையே கேளுங்க."

கேட்டேன். மையத்து வராந்தாவில் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சொட்டும்தாண்ணே. ஆனா அது மட்டுமில்ல. வேண்டாம்னு சொன்னா நீ எம் பக்கத்துல ஒக்காந்துருவன்னு நெனச்சேன்."

மூன்று மாதம் கழித்து வந்தான். சாயங்காலங்களில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனான். அடுத்த முதல் ஞாயிறு டியூட்டி கேட்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டான். "எத்தன நாளு ஒளிய? வாரேன்" என்றான்.

எங்கள் வரிசை எழுந்தது. அவன் எழும்பவில்லை. என் முட்டிகள் மட்டும் பழக்கத்தில் பாதி எழும்பிவிட்டன. நாற்காலியை யாரோ உருவிவிட்டது போல அந்தரத்தில் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். மூப்பர் பின்னாலிருந்து குனிந்து, "என்னப்பா, நீயுமா?" என்றார்.

"ஆமா, நானுந்தான்."

ஆராதனை முடிந்து நாங்கள் நின்ற பஸ் நிறுத்தத்துக்கு வீட்டுக்காரி மூச்சிரைக்க வந்தாள். "ஜெபக் குறிப்புல ஒங்க பேரையும் சேத்துட்டாவ! குடிய விடணுமாம். பீரு போத்தல தூரத்துல பாத்தாலே தும்முத மனுசன்!"

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. என் தோளில் முகத்தை வைத்து, "எட்டு மாசம் இருந்தேன்ணே. எம் மவ கேலண்டர்ல தெனமும் கோடு போட்டுட்டு வந்தா" என்றான்.

அவன் வாய் என் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். சாய் வாசனை.

அவன் முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"நூத்திநாலு நாளாச்சுண்ணே" என்றான்.