ஃபாதர் எடுத்த சுருதி

திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் கீபோர்டு வாசித்தே என் தலை நரைத்தது. அந்த வேலைக்கே வேட்டு வைக்க வந்தார் புதிய பங்குத்தந்தை. ரோமில் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார். முதல் ஒத்திகையிலேயே என் கீபோர்டை அணைத்தார்.

“நம்ம மறைமாவட்ட ஆயர் வர்றாரு. அன்னிக்கு லத்தீன் பாட்டு. அந்தக் காலத்துல மடங்கள்ல துறவிங்க பாடுனது. வாத்தியம் கெடையாது, தாளம் கெடையாது. எல்லாரும் ஒரே மெட்டு. சொதப்புனீங்கன்னா அடுத்த வாரத்துலேர்ந்து பாடகர் குழுவே வேணாம், பென்டிரைவ் போட்டுக்கலாம்.”

“தாளம் இல்லன்னா எங்க நிறுத்துறதுங்க ஃபாதர்?” என்று கேட்டார் எங்கள் முதல் குரல் ஸ்டெல்லா அக்கா.

“வார்த்தைதான் தாளம். அது முடியிற எடத்துல எல்லாரும் சேர்ந்து மூச்சு வாங்கணும்.”

எங்கள் குழுவில் யாருடைய மூச்சும் அடுத்தவர் மூச்சோடு ஒத்துப்போனதே கிடையாது. கடைசி சுரத்தை ஸ்டெல்லா அக்கா விடமாட்டார். அவர் விடும்வரை ஆரோக்கியம் அண்ணனும் விடமாட்டார். இத்தனை காலம் இந்தச் சண்டையை மூடி மறைத்தது என் ரிதம் சத்தம்தான். இந்தப் பாட்டிலோ ஒளிய இடமில்லை. ஒரே எழுத்தை இழுத்து, படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்க வேண்டும். ஏற எல்லோருக்கும் தெரிந்தது. யார் முதலில் இறங்குவது என்பதில்தான் தகராறு.

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் பாதிப் பேர் ஒத்திகைக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் நாலு வரி ஒழுங்காக வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் வாசிக்காமலே நன்றாக இருக்கிறதே என்று வயிறும் எரிந்தது.

இந்த வகைப் பாட்டில் முதல் வரியைக் குருவானவர் தனியாக எடுப்பது வழக்கம். அவர் எடுத்த சுருதியில் குழு தொடர வேண்டும். ஆயர் வந்த அன்று காலையில் கேட்டுப் பார்த்தேன்.

“ஃபாதர், ஆரம்ப சுரத்தை மட்டும் வாசிச்சுக் காட்டட்டுங்களா?”

“வேணாங்க. சுருதி எனக்குள்ளயே இருக்கு.”

உள்ளே இருந்த சுருதி ஆயரைக் கண்டதும் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஒத்திகையைவிட நாலு கட்டை ஜாஸ்தி. ஸ்டெல்லா அக்காவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஆரோக்கியம் அண்ணன் வாயை மட்டும் அசைத்தார். உச்ச வரி வந்தது. ஒரு குரலும் வரவில்லை. ஃபாதரின் முகம் வெளுத்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பென்டிரைவ்தான்.

கீபோர்டின் சுவிட்சைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்து, ஒத்திகை சுருதியில் ஒரே ஒரு சுரத்தை அழுத்தினேன். பயத்தில் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சிழுத்தார்கள். அந்தக் கீழ்ச் சுருதியில் ஒன்றாகப் பாடி, ஒன்றாக முடித்தார்கள்.

பூசை முடிந்ததும் ஆயர் ஃபாதரின் கையைப் பிடித்துக்கொண்டார். “உச்சத்துல நிறுத்தி, அமைதியா இருந்து, அப்புறம் தாழ்ந்து வந்தீங்களே, மனசு உருகிடுச்சு. யாரோட யோசனை?”

“என்னோடதுதாங்க ஆயர் ஆண்டவரே” என்றார் ஃபாதர், கொஞ்சமும் கூசாமல்.

குழு பிழைத்தது. இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மேலே இருப்பவர் சுருதி தப்பினால் சத்தமில்லாமல் இறக்கிவிடுங்கள். அது அவருடைய யோசனையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கும் அந்தப் பாட்டை ஃபாதர் வேண்டுமென்றே நாலு கட்டை ஏற்றித்தான் எடுக்கிறார். நாங்களும் முறைப்படி உச்சத்தில் மூச்சுமுட்டி நிற்கிறோம். அங்கே அந்த ஒரு சுரத்தை அழுத்தத்தான் என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள்.