அம்மாவுக்குச் சுகர் வந்த வருஷம்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அம்மாவுக்குச் சுகர் வந்தது. அதாவது, வந்ததாகத் தெருவில் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

சுகர் ஒன்றும் வெளியே சொல்லக் கூசுகிற வியாதி இல்லை. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டியும் சுகர் இல்லாதவர்களைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். விசேஷ வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதுதான் பேச்சு. அம்மாவுக்கு அப்போது முப்பத்து நாலு. "இந்த வயசுலயா?" என்று உச்சுக்கொட்டினார்களே தவிர, யாரும் நம்பாமல் இல்லை.

சுகர் என்று பெயர் வைத்தது அப்பா. அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அந்த முறை ஒரு மாத லீவில் வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்கு முன் ஆறேழு மாதமாகவே அப்படித்தான். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள்; பால் பொங்கி வழிந்து அடுப்பு அணையும்; அப்போதும் நிற்பாள். எனக்குத் தலை பின்ன ஆரம்பித்து ஒரு பக்கம் முடித்ததும் சீப்பைக் கீழே வைத்துவிடுவாள். புருஷன் வெளிநாட்டில் இருப்பதால் வந்த ஏக்கம் என்று பின்னாளில் சிலர் காரணம் கண்டுபிடித்தார்கள். அப்பா வீட்டில் இருந்த அந்த ஒரு மாதமும் அம்மா அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்து, பையில் இருந்த மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் இருந்த அவருடைய அக்காவிடம், அதாவது என் அத்தையிடம், சுகர் என்றார். அத்தை அதைச் சாயங்காலத்துக்குள் கீழத்தெரு வரை கொண்டுசேர்த்தாள். அப்பா லீவு முடிந்து விமானம் ஏறினார். பொய்யை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பொய் அம்மாவை என்ன பாடு படுத்தியது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. அம்மா இனிப்புக்கு உயிரை விடுகிறவள். காபியில் சர்க்கரை போதவில்லை என்று என் அப்பாவிடமே சண்டை போட்டவள். அவளுக்கு ஊரே சேர்ந்து சர்க்கரையை நிறுத்தியது. பந்தியில் அவள் இலைக்கு ஜாங்கிரி வந்தால், பரிமாறுகிறவர் கையை எதிர் வரிசையில் இருப்பவர் தடுப்பார். அந்த ஜாங்கிரி பக்கத்து இலைக்கு, அதாவது எனக்கு, வரும். அந்த வருஷம் நான் நன்றாகத் தேறினேன்.

அத்தையோ வைத்தியத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் காலை ஆறரை மணிக்குப் பாகற்காய்ச் சாறு ஒரு டம்ளர். கொல்லைப்பக்கமாக வந்து, அம்மா கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். இல்லாத வியாதிக்காக அம்மா எட்டு மாதம் அதைக் குடித்தாள்.

மாதத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போவோம். துணைக்கு நான். அங்கே இரண்டு அறைகள். முதல் அறையில் டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்து மாத்திரை எழுதுவார். இரண்டாவது அறையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். அவரிடம் அம்மா முக்கால் மணி நேரம் பேசுவாள். சில நாள் கண் சிவந்து வெளியே வருவாள். ஒரு மாதமாகத் தின்றதை எல்லாம் ஒப்பிக்க அவ்வளவு நேரம் ஆகத்தானே செய்யும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிட்டு மாட்டிக்கொண்ட நாளில் அழுகிறாள் போலும். வாசல் போர்டில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வார்த்தை இருந்தது. சர்க்கரை வியாதியைப் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அம்மா தேறிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் பின்னி ரிப்பன் கட்டினாள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு முதுகில் ஒன்று வைத்தாள். அடி வாங்கிய அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. தெருவே திரண்டு போயிற்று. அம்மா தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். அத்தை விடுவாளா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் தனக்கு முன்னால் நிறுத்தினாள். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஊசிக்குப் பயம் என்று நினைத்து நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் விரலில் குத்தி, சின்ன மெஷினைப் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். "நூத்தி நாலு. உங்களுக்குச் சுகரே இல்லையேம்மா. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"சீட்டு வீட்டுல இருக்கு" என்றாள் அம்மா.

"எதுக்கும் உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க" என்று நர்ஸ் அடுத்த விரலைப் பிடித்தார். அதை யார் கேட்டார்கள்? அத்தை அதற்குள் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். "பாத்தீங்கள்ல? எட்டு மாசம். எல்லாம் என் சாறு!"

நான் ஓடினேன். பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து எங்கள் தெருவின் கடைசி வீடு வரை, அம்மாவுக்குக் குணமாயிடுச்சு, அம்மாவுக்குக் குணமாயிடுச்சு என்று கத்திக்கொண்டே ஓடினேன். முகாமுக்கு வராத கிழவர் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னேன். ஜாங்கிரி இனி எனக்கு வராது என்பது நினைவுக்கு வந்தது. வராவிட்டால் போகட்டும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை எங்கள் அடுப்பில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் எதுக்கு இந்த இங்கிலீஷ் மாத்திரை? குடலை அரிச்சுப்புடும்" என்று அலமாரியில் இருந்த அட்டைகளை வாரிக்கொண்டு போய்க் கொல்லையில் எருக்குழியில் போட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இரண்டு கிண்ணம் கேசரி சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் தஞ்சாவூர் போகவில்லை. அப்பா போனில் கேட்டால் அம்மா, "போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பாள். அப்பாவுக்கு ஒரு பொய், தெருவுக்கு ஒரு பொய். ஆனால் ஆவணி முடிவதற்குள் அடுப்பில் பால் மறுபடியும் வழிய ஆரம்பித்தது. பிறகு ஒற்றைப் பின்னல். பிறகு அதுவும் இல்லாமல் நான் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அத்தை இதையெல்லாம் பார்த்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டாள். ஆனால் சம்பா நடவு நேரம். எங்கள் நிலத்தையும் சேர்த்து அவள்தான் பார்த்துக்கொண்டாள். விடிவதற்கு முன் வயலுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். குணமானவளுக்குச் சாறும் தேவையில்லையே.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "நான் இல்லைன்னா நீ அத்தை வீட்டுல இருந்துப்பல்ல?" என்று கேட்டாள்.

"இருந்துப்பேன். அங்க டிவி பெருசு" என்றேன்.

அன்று அந்தக் கேள்வியில் டிவியைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் வரை அம்மா எழுந்திருக்கவே இல்லை. நான் கடையில் வாங்கி வந்து தட்டில் வைத்த இட்லி முதல் நாள் ராத்திரியிலிருந்து அப்படியே இருந்தது. சுகர் திரும்ப வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அம்மாவின் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து, அதில் இருந்த நம்பருக்கு அவளுடைய செல்லிலிருந்தே போன் செய்தேன்.

"எங்கம்மாவுக்குச் சுகர் திரும்ப வந்துடுச்சு" என்றேன்.

"இங்க சுகருக்குப் பாக்கறதில்லையே பாப்பா" என்றது ஒரு பெண் குரல். "நீ எந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றே?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாதா மாதம் வருவோம், இரண்டாவது அறையில் கண்ணாடி போட்டவங்ககிட்ட அம்மா பேசுவாங்க என்று சொல்லி, அம்மாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன். சற்று நேரத்தில் அந்த அம்மாளே பேசினார்.

"அம்மா மாத்திரை சாப்பிடறாங்களா?"

"இல்ல. அத்தை எருக்குழியில போட்டுட்டாங்க."

"ஏதாவது பேசறாங்களா?"

"நேத்து, நான் இல்லைன்னா அத்தை வீட்டுல இருந்துப்பியான்னு கேட்டாங்க."

அவர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "போனைக் கொண்டுபோய் அம்மாகிட்ட குடு. கட் பண்ணாத. குடுத்துட்டு அத்தையைக் கூட்டிக்கிட்டு வா. ஓடிப் போகணும், சரியா?"

போனை அம்மாவின் காதில் வைத்தேன். முதலில் அவள் அசையவில்லை. அப்புறம் கையால் பிடித்துக்கொண்டாள். நான் வாய்க்கால் கரையில் ஓடினேன்.

அத்தை முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் இன்னும் காதில் இருந்தது. அதைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"அண்ணி, எனக்குச் சுகர் இல்ல. எப்பவும் இல்ல. மனசுக்குத்தான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். இப்ப எனக்கு என்னை நினைச்சாலே பயமா இருக்கு. என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேறு தரையெல்லாம் ஆயிற்று. அவள் வாயிலிருந்து முதலில் வந்தது, "அப்ப எட்டு மாசமா நான் சாறு பிழிஞ்சது?" என்பதுதான்.

"அதையும் குடிச்சேனே, அண்ணி."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன தண்டோராவா போட்டிருப்பேன்?"

போட்டிருப்பாள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மேல் அவள் ஏன், என்ன குறை என்று கேட்கவில்லை. எருக்குழியில் போட்டது தன் கைதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்; வலது கையைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, அம்மாவுக்கு முகம் கழுவிவிட்டு, தலை வாரிவிட்டாள். வயலில் பதினாறு பெண்கள் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பக்கூட அத்தைக்குத் தோன்றவில்லை. நடவு பாதியில் நின்றது. காலில் காய்ந்த சேற்றோடு அவள் எங்களைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினாள்.

அங்கே டாக்டரும் கண்ணாடி அம்மாளும் மாறி மாறிப் பேசினார்கள். அத்தையைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்ச நாள் அம்மாவைத் தனியாக விடக் கூடாது, தினமும் போன் செய்ய வேண்டும், மூன்றாம் நாள் மறுபடி வர வேண்டும் என்று சொன்னார்களாம். அத்தை வெளியே வந்து மாத்திரைப் பையைத் தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தது அவள்தான். சாற்றுக்கு நின்ற மாதிரியே, விழுங்கி முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள். நடுவில் டாக்டர் குறைத்தார், ஒரு மழைக்காலத்தில் மறுபடி கூட்டினார். பந்தியில் யாராவது கேட்டால் மனசுக்கு மாத்திரை என்று சொல்லிவிட்டுச் சாம்பார் கேட்பாள். கேட்டவர்தான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

அன்று திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அந்த கேட் போட்டால் எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனார். ஜன்னலோரம் நான், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் அத்தை. பஸ் முழுக்கத் தூங்கி வழிந்தது.

"இனிமே சரியாயிடுமா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"தெரியல" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"அதுவும் தெரியல. சில நாள் நல்லா இருப்பேன். சில நாள் இப்படி ஆயிடும். மாத்திரை போட்டுக்கணும், அவங்ககிட்ட போய்ப் பேசணும்."

"அன்னிக்குக் குணமாயிடுச்சுன்னியே?"

"நான் சொல்லல. நீதான் சொன்னே." அம்மா என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். "தெரு முழுக்க ஓடினே பாரு. உன் முகத்தைப் பாத்துட்டு, இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் போட்டே அழுதேன். முன் சீட்டில் இருந்தவர் விழித்துத் திரும்பிப் பார்த்தார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஆயிடும்னு ஒரு வார்த்தை சொல்லேண்டி, புள்ள அழுவுதுல்ல" என்று அம்மாவின் தொடையில் தட்டினாள்.

அம்மா சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அழுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். ஒரே ஒரு பொய், அதைக்கூட எனக்காகச் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று கையை உதறினேன். அவள் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தும் அவளால் உண்மையைச் சொல்ல முடிந்ததே, அவள் பிழைத்துக்கொள்வாள் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம் என்று பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்?